‘ஜிசிஎஸ் எவ்வளவு?’ தலைக்காயத்துக்குப் பின் சுயநினைவை அளப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலையில் அடிபட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஐசியூவில் நர்ஸாக வேலை செய்கிறேன். உள்ளே நோயாளியைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், கதவருகிலேயே நிற்கும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, “இன்னைக்கு எத்தனை?” என்பதுதான். அந்த ‘எத்தனை’ என்ன, அது எப்படி வருகிறது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று உட்கார்ந்து விளக்க எங்களுக்கு அங்கே நேரம் கிடைப்பதில்லை. அப்படி என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளும், நிதானமாகச் சொல்ல நினைத்த பதில்களும் இவை.

ஜிசிஎஸ் என்றால் என்ன?

கிளாஸ்கோ கோமா ஸ்கேல் என்பதன் சுருக்கம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வேலை பார்த்த கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் என்ற இரண்டு மூளை நரம்பு அறுவை மருத்துவர்கள் 1974இல் இதை வெளியிட்டார்கள்.

அதற்கு முன்பு ‘அரை மயக்கம்’, ‘ஆழ்ந்த மயக்கம்’, ‘மந்தமாக இருக்கிறார்’ என்று ஆளாளுக்கு ஒரு வார்த்தை எழுதுவார்கள். காலையில் பார்த்தவர் எழுதிய ‘அரை மயக்கம்’ என்ன, இரவில் வந்தவர் எழுதிய ‘அரை மயக்கம்’ என்ன என்று யாருக்கும் தெரியாது. நோயாளி மோசமாகிக்கொண்டே போனாலும் கேஸ் ஷீட்டில் அது தெரியாமல் போகலாம். நோயாளியின் மனதுக்குள் என்ன நடக்கிறது என்று ஊகித்து எழுதாமல், கண்ணால் பார்ப்பதையும் காதால் கேட்பதையும் மட்டும் எழுதுவோம் என்பதுதான் அந்த இருவரின் யோசனை. கண் திறக்கிறதா, என்ன பேசுகிறார், கை கால் எப்படி அசைகிறது. இந்த மூன்றுதான். புதிதாக வேலைக்குச் சேர்ந்த நர்ஸும் மூத்த மருத்துவரும் ஒரே நோயாளியைப் பார்த்தால் ஒரே பதில் எழுத முடிய வேண்டும். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இது உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருப்பதற்கு இந்த எளிமைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மார்க் எப்படிப் போடுகிறார்கள்?

கண்ணுக்கு 4 மார்க். யாரும் தொடாமல், கூப்பிடாமல் கண் திறந்திருந்தால் 4. கூப்பிட்ட பிறகு திறந்தால் 3. அழுத்தம் கொடுத்தால்தான் திறக்கிறார் என்றால் 2. எதற்குமே திறக்கவில்லை என்றால் 1.

பேச்சுக்கு 5. தன் பெயர், எங்கே இருக்கிறார், இது எந்த மாதம் என்று சரியாகச் சொன்னால் 5. வாக்கியமாகப் பேசுகிறார், ஆனால் ஆஸ்பத்திரியில் இருப்பதே தெரியாமல் குழம்புகிறார் என்றால் 4. தொடர்பில்லாமல் ஒன்றிரண்டு வார்த்தைகள் மட்டும் வந்தால் 3, வார்த்தை இல்லாத முனகல் என்றால் 2, சத்தமே இல்லையென்றால் 1.

அசைவுக்கு 6. மூன்றிலும் அதிகம் சொல்வது இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சொன்னதைச் செய்தால் 6. “என் கையைப் பிடிங்க” என்று மட்டும் கேட்டுவிட்டு, அவர் பிடித்ததும் 6 போட்டுவிடக் கூடாது. உள்ளங்கையில் எது பட்டாலும் பிடித்துக்கொள்ளும் அனிச்சைச் செயல் மூளைக் காயத்தில் திரும்ப வருவதுண்டு. அதனால்தான் பிடிக்கச் சொல்லி, பிறகு விடச் சொல்கிறோம். அல்லது நாக்கை நீட்டச் சொல்கிறோம். “கையை இறுக்கிப் பிடிச்சாரே, ஏன் மார்க் ஏறலை?” என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

சொன்னதைச் செய்யவில்லை, ஆனால் கழுத்தோரம் அழுத்தினால் அந்த இடத்தைத் தேடிக் கை வருகிறது, காறை எலும்பையும் தாண்டி மேலே வருகிறது என்றால் 5. வலி எங்கே என்று மூளை கண்டுபிடித்து, அங்கே கையை அனுப்புகிறது. தேடி வராமல், முழங்கை மடங்கிச் சட்டென்று விலகினால் 4. கை மெதுவாக மடங்கி நெஞ்சின் குறுக்கே வந்து, முன்கை திரும்பி, கட்டைவிரல் உள்ளே மடங்கினால் 3. கை மடங்காமல் விறைத்து நீண்டால் 2. அசைவே இல்லை என்றால் 1. இரண்டு கைகளில் எது நன்றாக அசைகிறதோ அதற்குத்தான் மார்க். மற்றக் கை பலவீனமாக இருப்பதைத் தனியே குறித்துக்கொள்வோம்.

3க்கும் 4க்கும் வித்தியாசம் சொல்வது அனுபவசாலிகளுக்கே கஷ்டம். 1974இல் வந்த முதல் வடிவத்தில் இவை இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. மொத்த மார்க் 14. பிறகு பிரித்தபோதுதான் 15 ஆனது.

நகத்தில் பேனாவை வைத்து அழுத்துகிறார்கள். பார்க்கவே கொடுமையாக இருக்கிறது. இது தேவையா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் குரல் நடுங்கும். கேட்பதில் ஒரு தவறும் இல்லை.

கூப்பிட்டால் பதில் தருகிறவரை யாரும் அழுத்த மாட்டார்கள், அழுத்தவும் கூடாது. முதலில் சும்மா நின்று கவனிக்க வேண்டும். அப்புறம் சாதாரணக் குரலில் கூப்பிட வேண்டும், அதற்கும் இல்லையென்றால் உரக்கக் கூப்பிட வேண்டும். அதற்கும் பதில் இல்லாதபோதுதான் அழுத்தம். அதையும் லேசாகத் தொடங்கி, பத்து விநாடிக்குள் மெல்லக் கூட்டி, பதில் கிடைத்த உடனே நிறுத்திவிட வேண்டும். 2014இல் இந்த ஸ்கேலைத் திருத்தியபோது ‘வலி’ என்ற சொல்லையே எடுத்துவிட்டு ‘அழுத்தம்’ என்று மாற்றினார்கள். நோக்கம் வலிக்க வைப்பது இல்லை.

ஏன் இரண்டு இடங்களில் பார்க்கிறார்கள் என்றும் கேட்பார்கள். விரல் நுனியை அழுத்தினால் கை விலகுவது தண்டுவடத்தின் அனிச்சையாகவும் இருக்கலாம், மூளை அதில் சம்பந்தப்படாமலே நடக்கலாம். அதனால் கழுத்தும் தோளும் சேரும் இடத்துத் தசையைப் பிடித்தோ, புருவ எலும்பின் பள்ளத்தில் அழுத்தியோ பார்க்கிறோம். அங்கே கை தேடி வந்தால் மூளை வேலை செய்கிறது என்று அர்த்தம். கண்ணைச் சுற்றி எலும்பு முறிந்திருந்தால் புருவத்தில் கை வைக்கக் கூடாது. நெஞ்செலும்பில் விரல் முட்டியை வைத்துத் தேய்ப்பது இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை. தோல் கன்றிப்போகும், கிடைக்கும் பதிலும் தெளிவாக இருக்காது. உங்கள் ஆளின் நெஞ்சில் அப்படிக் கன்றிய தடம் தெரிந்தால் தயங்காமல் கேளுங்கள்.

3 மார்க் என்றால் ஏதோ கொஞ்சம் நினைவு இருக்கிறது என்று அர்த்தமா?

இல்லை. மூன்று பகுதியிலும் குறைந்தபட்சம் 1 என்பதால், எதற்குமே பதில் இல்லாதவருக்கும் 3 வரும். இதில் பூஜ்யம் கிடையாது.

8க்குக் கீழே போனால் கோமா என்கிறார்களே?

13 முதல் 15 வரை லேசான காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம், 8ம் அதற்குக் கீழும் கடுமையானது என்று வகை பிரிப்பது வழக்கம். 8 அல்லது அதற்குக் கீழே இருப்பவர்களுக்குத் தொண்டையைத் தானாகக் காத்துக்கொள்ளும் சக்தி குறைந்திருக்கலாம். எச்சிலோ வாந்தியோ நுரையீரலுக்குள் போய்விடலாம். மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடுவது பற்றி மருத்துவர்கள் அந்தக் கட்டத்தில் யோசிப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் கோமா என்றால் கண் திறக்காமல், வார்த்தை பேசாமல், சொன்னதைச் செய்யாமல் இருக்கும் நிலை. கண் தானாகத் திறந்திருக்கும் ஒருவருக்கு மொத்தம் 8 வந்தாலும் அவர் கோமாவில் இல்லை. எண்ணை மட்டும் வைத்துப் பெயர் சூட்ட முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘லேசான’ என்ற சொல் பலரை ஏமாற்றிவிடுகிறது. 14ல் வந்தவருக்கும், ஏன் 15ல் வந்தவருக்கும்கூட மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கலாம். வயதானவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும்.

மொத்தம் 9 என்று மட்டும் சொன்னார்கள். அது போதுமா?

போதாது. மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கேஸ் ஷீட்டில் இ, வி, எம் என்று மூன்று எழுத்துகளுக்குப் பக்கத்தில் எண்கள் இருக்கும். இ என்பது கண், வி பேச்சு, எம் அசைவு. ஒருவர் இ2 வி2 எம்5, மொத்தம் 9. இன்னொருவர் இ4 வி1 எம்4, அவருக்கும் 9. முதலாமவர் கண்ணை மூடிக்கிடக்கிறார், ஆனால் வலிக்கும் இடத்துக்குக் கை சரியாக வருகிறது. இரண்டாமவர் கண் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆனால் சத்தம் இல்லை, சொன்னதைச் செய்யவும் இல்லை. மூளையில் மொழிக்கான பகுதி அடிபட்டதால் சொல்வதே அவருக்குப் புரியாமல் இருக்கலாம். இரண்டு பேருக்கும் எடுக்க வேண்டிய முடிவுகள் வேறு. நாலு, ஐந்து, ஆறு மார்க்குகளைப் பெருக்கினால் 120 விதச் சேர்க்கைகள் வருகின்றன. அத்தனையையும் 3க்கும் 15க்கும் இடையில் ஒற்றை எண்ணாகச் சுருக்கும்போது நிறைய விஷயம் தொலைந்துபோகிறது.

வாயில் டியூப் இருக்கிறது, பேசவே முடியாது. அவருக்கு எப்படி மார்க் போடுவார்கள்?

பேச்சுக்கு மார்க் போடக் கூடாது. ‘சோதிக்க முடியவில்லை’ என்று எழுத வேண்டும். சில இடங்களில் டியூப் இருப்பதைக் காட்ட 1க்குப் பக்கத்தில் டி என்ற எழுத்தைச் சேர்ப்பார்கள். முகம் வீங்கிக் கண் திறக்க முடியாமல் இருப்பவருக்கும் இதே விதிதான். ‘செய்யவில்லை’ வேறு, ‘செய்ய வழியில்லை’ வேறு. சோதிக்க முடியாத பகுதிக்கு 1 போட்டு மொத்தத்தைக் கூட்டினால், உண்மையைவிட மோசமான எண் வந்துவிடும். மொத்தம் சொல்லாமல் விடுவதே சரி.

வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்குத் தூக்க மருந்தும், சில நேரம் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் போகும். அந்த நேரத்து ஜிசிஎஸ், மூளையை அளக்கிறதா மருந்தை அளக்கிறதா என்று சொல்வது கஷ்டம். மது, ரத்தத்தில் சர்க்கரை குறைவு, வலிப்பு வந்து முடிந்த பிறகான அசதி, உடல் சூடு அதிகம் இறங்கிப்போவது எல்லாமே மார்க்கைக் குறைக்கும். ஆனால் குடித்திருப்பவரின் மயக்கத்தைக் குடியின் மேலேயே போட்டுவிடவும் கூடாது. குடித்துவிட்டு விழுந்தவருக்கும் மண்டைக்குள் ரத்தம் கசியலாம்.

நேற்று 10, இன்று 8. இரண்டுதானே குறைந்திருக்கிறது, ஏன் இவ்வளவு பரபரப்பு?

எண்ணைவிட அது போகும் திசை முக்கியம். மண்டை ஓடு ஒரு மூடிய பெட்டி. உள்ளே ரத்தம் கட்டினாலோ மூளை வீங்கினாலோ அழுத்தம் ஏறும், சுயநினைவு குறையும். அடிபட்டவுடன் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர், சில மணி நேரத்தில் தூங்கி வழிந்து, பிறகு எழுப்ப முடியாமல் போவதும் உண்டு. மூளையின் மேலுறைக்கும் மண்டை ஓட்டுக்கும் நடுவே ரத்தம் சேரும்போது இப்படி நடக்கும். இடையில் வரும் அந்த நல்ல நேரத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

அதனால்தான் இரவில் தூங்க விடாமல் எழுப்பி எழுப்பிப் பார்க்கிறோம். சிகிச்சை முறைகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் என்ற அமைப்பின் வழிகாட்டுதல்படி, 15க்கு வரும்வரை அரை மணிக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். 15 வந்த பிறகும் இரண்டு மணி நேரத்துக்கு அரை மணிக்கு ஒரு தடவை, அடுத்த நான்கு மணி நேரம் மணிக்கு ஒரு தடவை, பிறகு இரண்டு மணிக்கு ஒரு தடவை. ஒரே ஒரு மார்க் குறைந்து அரை மணி நேரம் அப்படியே இருந்தால்கூட மருத்துவர் வந்து பார்க்க வேண்டும் என்கிறது அது. அசைவில் குறைந்தால் இன்னும் அவசரம். ஷிஃப்ட் மாறும்போது போகிற நர்ஸும் வருகிற நர்ஸும் சேர்ந்து ஒரு தடவை பார்ப்பது நல்ல பழக்கம். இல்லையென்றால் பார்ப்பவர் மாறியதால் எண் மாறியதா, நோயாளி மாறியதால் எண் மாறியதா என்று தெரியாது.

ஒவ்வொரு தடவையும் கண்ணில் டார்ச் அடிப்பது எதற்கு?

வெளிச்சம் பட்டால் கண்மணி சுருங்க வேண்டும். மண்டைக்குள் அழுத்தம் ஏறி மூளை கீழ்நோக்கித் தள்ளப்பட்டால், கண்மணியைச் சுருக்கும் நரம்பு நசுங்கும். அந்தப் பக்கத்துக் கண்மணி விரிந்து, வெளிச்சத்துக்கு அசையாமல் நின்றுவிடும். இது நிமிடக் கணக்கில் செயல்பட வேண்டிய ஆபத்து. 2018இல் கண்மணியையும் சேர்த்து ஒரு கணக்கு வந்தது. ஒரு கண்மணி அசையவில்லை என்றால் ஜிசிஎஸ்ஸிலிருந்து 1, இரண்டும் அசையவில்லை என்றால் 2 கழிக்க வேண்டும்.

ஜிசிஎஸ் தவிர வேறு அளவுகள் இல்லையா?

உண்டு. ஆம்புலன்ஸில் அவ்வளவு நேரம் இருக்காது. விழிப்பாக இருக்கிறாரா, குரலுக்குப் பதில் தருகிறாரா, வலிக்கா, எதற்குமே இல்லையா என்று நான்கே படிகளில் பார்த்துவிடுவார்கள். ஐசியூவில் ‘ஃபோர்’ ஸ்கோர் என்று ஒன்று உண்டு, 2005இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலிருந்து வந்தது. கண், அசைவு, மூளைத்தண்டின் (மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் அடிப்பகுதி) அனிச்சைகள், மூச்சு ஆகிய நான்குக்கும் தலா 4, மொத்தம் 16. பேச்சு இதில் இல்லை, அதனால் டியூப் போட்டவர்களுக்கு வசதி. பேசத் தெரியாத குழந்தைகளுக்கு ஜிசிஎஸ்ஸிலேயே தனி வடிவம் இருக்கிறது. பெயர், மாதம் கேட்பதற்குப் பதிலாகச் சிரிப்பு, மழலை, தேற்றினால் அடங்கும் அழுகை, அடங்காத அழுகை என்று பார்ப்பார்கள்.

மூன்று வாரம் ஆகிவிட்டது. கண் திறந்து பார்க்கிறார், ஆனால் எங்களைத் தெரிந்ததாகவே காட்டவில்லை. நினைவு வந்துவிட்டதா இல்லையா?

இதைவிடக் கடினமான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

உயிர் பிழைப்பவர்களில் பெரும்பாலோருக்குக் கோமா இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் முடிந்துவிடும். கண் திறக்கும், தூக்கமும் விழிப்பும் மாறி மாறி வரும். ஆனால் விழித்திருப்பது வேறு, உணர்ந்திருப்பது வேறு. விழிப்பைத் தருவது மூளைத்தண்டு. தன்னையும் சுற்றி இருப்பதையும் அறிவதற்கு மூளையின் மேல்பகுதிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்ய வேண்டும். விழிப்பு மட்டும் வந்து உணர்வு வெளியே தெரியாத நிலைக்கு ஜென்னட்டும் பிரெட் பிளம் என்ற மருத்துவரும் 1972இல் ஒரு பெயர் வைத்தார்கள். நோயாளியைத் தாவரத்தோடு ஒப்பிடும் பெயர் அது. இப்போது அதை விட்டுவிட்டுப் ‘பதிலற்ற விழிப்பு நிலை’ என்று சொல்பவர்கள் அதிகம். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. உணர்வின் அறிகுறி கொஞ்சமாக, விட்டுவிட்டு, ஆனால் நிச்சயமாகத் தெரிந்தால் அது ‘குறைந்தபட்ச உணர்வு நிலை’. இதற்கான வரையறை 2002இல்தான் வந்தது.

இந்த இரண்டையும் பிரித்தறிய ஜிசிஎஸ் போதாது. அதற்கென்றே உள்ளது, திருத்தப்பட்ட கோமா மீட்பு அளவை. கேட்டல், பார்த்தல், அசைவு, வாய் அசைவும் பேச்சும், தொடர்புகொள்ளல், விழிப்பு என்று ஆறு பகுதிகள், மொத்தம் 23 மார்க். பார்வை நகரும் பொருளைப் பின்தொடர்கிறதா என்பதைச் சோதிக்க முகம் பார்க்கும் கண்ணாடியைப் பயன்படுத்துவார்கள். மனிதர்கள் மற்றப் பொருள்களைவிடத் தங்கள் முகத்தை அதிகம் பின்தொடர்கிறார்கள். ஒரே தடவை பார்த்து முடிவு சொல்லக் கூடாது, வெவ்வேறு நாளில், வெவ்வேறு நேரத்தில் பல தடவை பார்க்க வேண்டும். ‘உணர்வு இல்லை’ என்று மருத்துவர்கள் கருதியிருந்த நோயாளிகளை இந்த அளவையால் மறுபடி சோதித்தபோது, பத்தில் நான்கு பேருக்கு உணர்வின் அறிகுறி இருந்தது என்று 2009இல் ஒரு ஆய்வு காட்டியது.

வெளியே ஒன்றுமே தெரியாதவர்கள் கதையும் முடிந்துவிடவில்லை. 2006இல் ஏட்ரியன் ஓவன் என்ற ஆராய்ச்சியாளரின் குழு, பதிலற்ற நிலையில் இருந்த ஒரு பெண்ணிடம் டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொல்லி மூளையை ஸ்கேன் செய்தது. நல்ல உடல்நிலையில் இருப்பவர்கள் அப்படிக் கற்பனை செய்யும்போது எந்தப் பகுதி வேலை செய்யுமோ, அதே பகுதி அவருக்கும் வேலை செய்தது. 2024இல் பல நாடுகள் சேர்ந்து செய்த ஆய்வில், சொன்னதற்கு வெளியே எந்தப் பதிலும் தராதவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு, சொன்னதை மூளைக்குள் செய்ய முயன்றதற்கான தடயம் கிடைத்தது.

இதனால் எல்லாரும் எழுந்துவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. படுக்கைக்குப் பக்கத்தில் நின்று அவர் இல்லாததுபோல் பேசாதீர்கள் என்கிறேன். கட்டிலை நகர்த்தும்போதும் ஊசி போடும்போதும் அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யும்படி எங்களைக் கேளுங்கள். அப்புறம், நீங்கள் பார்ப்பதை எழுதி வையுங்கள். தினமும் பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் சில அசைவுகள் முதலில் தெரிகின்றன. எந்த நேரம், என்ன சொன்னீர்கள், என்ன செய்தார் என்று குறித்துக் காட்டினால், அல்லது மருத்துவமனை அனுமதியோடு போனில் வீடியோ எடுத்துக் காட்டினால், அதை வைத்து நாங்கள் சரியான நேரத்தில் சோதிக்க முடியும்.

ஜிசிஎஸ் 3 என்றால் மூளைச்சாவா?

இல்லை. மூளைச்சாவு அடைந்தவருக்கு 3 இருக்கும், ஆனால் 3 இருப்பவர் எல்லாரும் மூளைச்சாவு அடைந்தவர் இல்லை. அதை உறுதி செய்ய மூளைத்தண்டின் அனிச்சைகளை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும், வென்டிலேட்டரைக் கழற்றித் தானாக மூச்சு வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு முன்பே மருந்தோ, உடல் குளிர்ந்ததோ காரணம் இல்லை என்று தெளிவாக வேண்டும்.

இந்த எண்ணை வைத்து அவர் பிழைப்பாரா என்று சொல்ல முடியுமா?

ஓரளவுக்குத்தான். வயது, அசைவு மார்க், கண்மணி, சி.டி. ஸ்கேன் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கணிப்பு மேம்படும். அப்போதும் அது ஒரு கூட்டத்தைப் பற்றிய கணிப்பு, உங்கள் ஆளைப் பற்றியது இல்லை. முதல் இரண்டு மூன்று நாளில் ஒற்றை எண்ணைப் பார்த்துவிட்டு நம்பிக்கையை முழுசாக விடுவதும் சரியில்லை, ‘7 ஆகிவிட்டது, இனிமேல் கவலையில்லை’ என்று ஊருக்கெல்லாம் சொல்வதும் சரியில்லை.

15 வந்துவிட்டது, ஆனால் காலையில் நாங்கள் வந்துபோனதை மாலையில் மறந்துவிடுகிறார். இது சரியாகுமா?

15 என்பது தொடக்கம்தான். கண் திறந்து, சரியாகப் பேசி, சொன்னதைச் செய்பவருக்கும் புதிய நினைவுகள் பதியாமல் இருக்கலாம். காயத்துக்குப் பிந்தைய மறதி என்று இதற்குப் பெயர். அது எத்தனை நாள் நீடிக்கிறது என்பது காயத்தின் கடுமையைச் சொல்லும் நல்ல அளவுகோல். ஒரு நாளுக்கும் ஒரு வாரத்துக்கும் இடையில் என்றால் நடுத்தரம், வாரத்தைத் தாண்டினால் கடுமையானது என்பது வழக்கமான பிரிவு. இந்தக் கட்டத்தில் எரிச்சல், பதற்றம், கையில் உள்ள டியூபைப் பிடுங்குவது எல்லாம் வரும். அவர் உங்கள் மேல் கோபப்படவில்லை, அவருடைய மூளை தடுமாறுகிறது. கூட்டமாக வராதீர்கள். டிவி வேண்டாம். ஒரு காலண்டரைக் கண்ணில் படும்படி வையுங்கள். “நேத்து யார் வந்தாங்க, சொல்லு” என்று பரீட்சை வைக்காமல், யார் வந்தார்கள் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

எங்களால் ஏதாவது உதவ முடியுமா?

முடியும், நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக. அவருக்குக் காது சரியாகக் கேட்குமா, காது மெஷின் வீட்டில் இருக்கிறதா என்று சொல்லுங்கள். கேட்காத ஒருவரை ‘சொன்னதைச் செய்யவில்லை’ என்று எழுதிவிடக் கூடாது. எந்த மொழியில் பேசினால் புரியும், வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள் என்று சொல்லுங்கள். முன்பு பக்கவாதம் வந்து ஒரு கை பலவீனமா? கண்ணில் ஆபரேஷன் ஆகியிருக்கிறதா? கண் ஆபரேஷனுக்குப் பிறகு கண்மணி எப்போதும் கோணலாக இருக்கலாம், அதைப் புதிய ஆபத்து என்று நாங்கள் நினைத்துவிடுவோம். மறதி நோய், வலிப்பு, சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, குடிப்பழக்கம் எதையும் மறைக்காதீர்கள். அடிபட்ட உடனே பேசினாரா, எத்தனை நிமிடம் மயங்கிக் கிடந்தார் என்பதைப் பார்த்தவரிடமே கேட்டுச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு அனுப்பிய பிறகு தலைவலி கூடிக்கொண்டே போனால், மறுபடி மறுபடி வாந்தி எடுத்தால், வலிப்பு வந்தால், கை கால் தளர்ந்தால், பேச்சு குழறினால், மூக்கிலோ காதிலோ தண்ணீர்போல் வடிந்தால், அல்லது தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாமல் போனால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள்.